ஓடுபாதையில் ஒரு தே தாரிக்

ஊரிலிருந்து வந்திருந்த மாமாவைப் போன ஞாயிற்றுக்கிழமை ஓல்டு ஏர்போர்ட் ரோடு உணவங்காடி நிலையத்துக்கு அழைத்துப் போனேன். தே தாரிக்கை ஊதி ஊதிக் குடித்தபடி சுற்றுமுற்றும் பார்த்தவர், "ஏர்போர்ட் ரோடுங்கிற, ஏர்போர்ட்டைக் காணோமேப்பா?" என்றார்.

"இப்ப பஸ்ஸுல வந்தோமே மாமா, அந்த ரோடுதான் ஏர்போர்ட்."

நான் விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்துச் சிரித்தார். இல்லை. அந்த இடத்தில் இருந்த சிங்கப்பூரின் காலாங் விமான நிலையம் 1937 ஜூன் 12 அன்று திறக்கப்பட்டது. சதுப்பு நிலத்தைத் தூர்த்து வட்டமாகப் புல்தரை போட்டிருந்தார்கள். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் விமானி அதை எதிர்கொண்டு இறங்கலாம். பக்கத்திலேயே தண்ணீர், கடல்விமானங்களுக்கு. திறந்து பத்து நாள்கூட ஆகாத நிலையில், உலகைச் சுற்றிப் பறந்துகொண்டிருந்த விமானி அமீலியா ஏர்ஹார்ட் அங்கே இறங்கினார். அடுத்த மாதமே பசிபிக்கில் காணாமல் போனார்.

போருக்குப் பிறகு விமானங்கள் பெருத்தன, ஓடுபாதையும் நீண்டது. ஒரு கட்டத்தில் அது மவுண்ட்பேட்டன் சாலைக்குக் குறுக்கே வந்துவிட்டது. விமானம் வரும்போது, நம் ஊர் ரயில்வே கேட்டில் நிற்பதைப் போல வண்டிகள் காத்து நின்றன. அதற்கு மேல் நீட்ட வழியில்லை. இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் ஊர். 1954 மார்ச்சில் தரையிறங்க வந்த பிஓஏசி விமானம் ஒன்று ஓடுபாதைக்கு முன்னால் இருந்த சுவரில் மோதி எரிந்தது. 33 பேர் இறந்தார்கள். மறு ஆண்டு ஆகஸ்டில் பாய லேபார் விமான நிலையம் திறந்தது, காலாங் ஓய்ந்தது.

வீடுகள் வந்து விமானத்தை விரட்டிவிட்டன என்று முழுப் பழியையும் ஊர் மேல் போட எனக்கு மனமில்லை. வளரும் பிள்ளைக்குப் போன தீபாவளிச் சட்டை சிறுத்துவிடுவதில்லையா? அப்படித்தான் அந்த நிலையமும் சிறுத்துப்போனது. கழற்றிப் போட்ட சட்டையை ஊர் எடுத்து உடுத்திக்கொண்டது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) பிறப்பதற்கு முன்பே, 1958இல், டகோட்டா கிரசென்ட்டில் அடுக்குமாடி வீடுகள் எழும்பின. டகோட்டா என்பது காலாங்கில் வந்திறங்கிய ஒரு விமான வகையின் பெயர். கண்ணாடிக் கோபுரத்தோடு முனையக் கட்டடம் மட்டும் இன்னும் நிற்கிறது. மக்கள் கழகம் பல்லாண்டு அங்கேதான் இயங்கியது.

அந்த வீடுகளாவது நிலைத்தனவா? 2016க்குள் டகோட்டா கிரசென்ட் குடியிருப்பாளர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. ஆறு கட்டடங்களை மட்டும் விட்டுவைப்பது என்று மறு ஆண்டு முடிவானது. அவற்றோடு தப்பியது 1979இல் கட்டிய புறா வடிவ விளையாட்டுத்திடல். டகோட்டாவில் இன்று இறக்கையோடு இருப்பது அந்தப் புறா ஒன்றுதான்.

கதை இதோடு முடியவில்லை. 1981இல் சாங்கி வந்ததும் பயணிகள் விமானங்கள் பாய லேபாரை விட்டுப் போயின. அது ராணுவத் தளமானது. 2030களில் அதுவும் இடம் மாறும். அங்கேயும் சுற்றுவட்டாரத்திலும் சுமார் ஒன்றரை லட்சம் வீடுகள் கட்டலாம் என்று 2022இல் அறிவித்தார்கள். நிலம் குறைந்த ஊரில் ஓடுபாதையும் குடித்தனக்காரர்தான், வீடும் குடித்தனக்காரர்தான். காலி செய்யும்போது பெயரை மட்டும் விட்டுப் போகிறார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாமா கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப அங்கேயும் ஒரு ஓல்டு ஏர்போர்ட் ரோடு வரும்னு சொல்லு."

"வரலாம் மாமா. ஆனா அந்தப் பேரைத்தான் இங்க எடுத்துக்கிட்டாங்களே!"