ஐயமும் தேற்றமும்

ஆங்கில இலக்கணத்தில் நம் மாணவர் அஞ்சுவன காலங்களும் முன்னிடைச் சொற்களுமே. ‘மே’, ‘மைட்’, ‘மஸ்ட்’, ‘குட்’ முதலிய துணைவினைகளைக் கண்டு எவரும் அஞ்சுவதில்லை. பட்டியலை மனப்பாடம் செய்தால் மதிப்பெண் வந்துவிடும் என்று கடந்து போகிறோம். ‘ப்ராபப்ளி’, ‘பாஸிப்ளி’, ‘ஸர்டன்லி’ என்னும் வினையடைகளோ வாக்கியத்துக்கு அழகூட்டும் அணிகலன்கள் என்றும், வேண்டிய இடத்தில் தூவிக்கொள்ளலாம் என்றும் நினைக்கிறோம். உண்மையில் அஞ்ச வேண்டியது இவற்றுக்கே என்பது என் கருத்து. ஒரு செய்தி நமக்கு எவ்வளவு உறுதியாகத் தெரியும் என்பதை ஆங்கில வாக்கியத்தில் அளந்து சொல்பவை பெரும்பாலும் இவ்விரண்டு வகைச் சொற்களே. அளவு தவறினால் இலக்கணப் பிழை மட்டும் நேர்வதில்லை, செய்தியே பொய்யாகிவிடுகிறது.

எடுத்துக்காட்டுத் தேடி இலண்டனுக்குப் போக வேண்டாம். நம் பக்கத்துக் கங்கைகொண்ட சோழபுரமே போதும்.

அங்குள்ள பெருங்கோயிலை எழுப்பியவன் முதலாம் இராசேந்திரன். ஆனால் ‘நான் கட்டினேன்’ என்று அவன் வெட்டிவைத்த கல்வெட்டு அக்கோயிலில் இல்லை. அங்குள்ளவற்றுள் பழமையானது பின்வந்த வீரராசேந்திரன் காலத்தது. ஆகவே ‘மஸ்ட் ஹேவ் பில்ட்’ என்று ஒருவர் எழுதியிருந்தால் அவரைக் குறை கூற முடியாது. 1987இல் விழுப்புரம் பக்கத்து எசாலத்தில் கிடைத்த செப்பேடு, இராசேந்திரன் கங்கைகொண்ட சோழீச்சரம் எடுத்ததைச் சொல்லிவிட்டது. இனி ‘மஸ்ட்’ வேண்டாம். ‘பில்ட்’ என்ற ஒற்றை வினையே போதும். சோழகங்கம் ஏரியும் அவ்வாறே. கங்கை நீரால் ஆன வெற்றித்தூண் என்று அதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு பாடுகிறது.

அடுத்து மாளிகைமேட்டுக்கு வருவோம். தமிழ்நாடு தொல்லியல் துறை 1980 முதல் அங்கே அகழ்ந்து செங்கற் சுவர்களையும் கூரை ஓடுகளையும் வெளிக்கொணர்ந்தது. ஊரின் பெயரிலேயே மாளிகை இருக்கிறது. ‘சோழ கேரளன் திருமாளிகை’ என்ற அரண்மனைப் பெயரும் கல்வெட்டில் வருகிறது. மூன்றும் ஒன்றை ஒன்று தாங்குவதால் இங்கே ‘மே’ என்பது குறைவு, ‘மஸ்ட்’ என்பதே பொருந்தும்.

கோயிலின் வடபுறத்துச் சிற்பத்தில் இந்த அளவு இன்னும் கீழே இறங்கிவிடுகிறது. சிவபெருமான் தம் காலடியில் அமர்ந்த சண்டேசர் தலையில் கொன்றை மாலையைச் சூட்டுகிறார். அந்தச் சண்டேசர் வடிவில் இராசேந்திரனே குறிப்பாகக் காட்டப்பட்டிருக்கிறான் என்று அறிஞர் சிலர் கருதினர். அழகான ஊகம்தான், ஆயினும் ஊகமே. ‘மே பாஸிப்ளி’ என்பதற்குமேல் ஒரு படியும் ஏறக் கூடாது. கடையில் விற்கும் நோட்ஸுகளிலோ சிவன் இராசேந்திரனுக்கே முடிசூட்டிவிட்டார்! நகரம் அழிந்த கதையும் இப்படித்தான். பாண்டியர் அழித்திருக்கக் கூடும் என்பதுதான் வரலாற்றாசிரியர் கூற்று, அதாவது ‘ப்ராபப்ளி’. நாம் அந்தச் சொல்லை உதிர்த்துவிட்டுப் பாண்டியர் மேல் குற்றத்தை முழுதாகச் சுமத்திவிடுகிறோம்.

தெளிவான செய்தியை மூடுபனியால் மறைப்பதும் நடக்கிறது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது இக்கோயிலின் மதிலை இடித்துக் கற்களைக் கொண்டுபோனார்கள். இதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயரே எழுதிவைத்திருக்கிறார்கள். இங்கே ‘மே ஹேவ் பீன் டேக்கன்’ என்று எழுதுபவருக்கு அடக்கம் மிகுதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி, இவ்விரு வகைச் சொற்களும் சேரும் முறைக்கு வருவோம். துணைவினையும் வினையடையும் ஒரே எடையில் இருக்க வேண்டும். ‘மே’ என்பதுடன் ‘பாஸிப்ளி’ சேரும். ‘மஸ்ட்’ என்பதுடன் ‘ஸர்டன்லி’ சேரும். ஹாலிடே 1970இலும் ஜான் லயன்ஸ் 1977இலும் இந்த இசைவைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். எடை ஒத்த இரண்டும் சேர்ந்து ஒரே ஐயத்தையோ ஒரே தேற்றத்தையோ உணர்த்துமாம். நம் விடைத்தாள்களில் காணும் ‘மே டெஃபினட்லி’ என்பது ஒரே மாட்டை முன்னும் பின்னும் இழுப்பது போன்றது.

இடமும் முக்கியம். வினையடை பெரும்பாலும் முதல் துணைவினைக்கு அடுத்து நிற்கும்: ‘வில் ப்ராபப்ளி கம்’, ‘மஸ்ட் ஸர்டன்லி ஹேவ் பீன்’. ‘வோன்ட்’ என்ற குறுக்கம் வந்தால் அதற்கு முன்னே போய்விடும்: ‘ப்ராபப்ளி வோன்ட்’. ‘பெர்ஹாப்ஸ்’ பெரும்பாலும் வாக்கியத்தின் தலையிலேயே அமரும். வினையைக் கடைசியில் வைத்தே பழகிய நமக்கு இது தடுமாற்றம் தருவதில் வியப்பில்லை. வேடிக்கையும் உண்டு. ‘மே பாஸிப்ளி’ மெல்லிய ஐயம்; ‘கான்ட் பாஸிப்ளி’ என்றாலோ ‘நடக்கவே நடக்காது’ என்ற அடித்த மறுப்பு. ‘மே வெல்’ என்பதில் ‘வெல்’ ‘நன்றாக’ என்ற பொருளை விட்டுவிடுகிறது. ‘அப்படி இருக்க நல்ல வாய்ப்புண்டு’ என்பதே பொருள். இதை அறியாதவன் மாளிகைமேட்டை ‘நல்ல அரண்மனையாக இருக்கலாம்’ என்று மொழிபெயர்ப்பான்.

இதெல்லாம் அயல்நாட்டு நுட்பம், நமக்கு எட்டாது என்று ஒதுங்குவாரும் உண்டு. அவர்கள் தம் தாய்மொழியைக் கவனிக்கவில்லை என்பேன். ‘நீ போகலாம்’ என்றால் அனுமதி; ‘மழை வரலாம்’ என்றால் ஐயம். ஆங்கில ‘மே’ என்பதும் இதே இரட்டை வேலையைச் செய்கிறது. ‘வேண்டும்’ என்பதும் ‘மஸ்ட்’ என்பதும் அவ்வாறே கட்டளைக்கும் ஊகத்துக்கும் பயன்படுகின்றன. உறவே இல்லாத இரு மொழிகள் இப்படி ஒத்துப்போவதை எந்த ஆங்கில வகுப்பாவது எடுத்துக்காட்டியதுண்டா? தொல்காப்பியர் இடையியலில் ‘கொல்’ என்பதை ஐயத்துக்கும் ‘மன்ற’ என்பதைத் தேற்றத்துக்கும் உரியதாக வகுத்தார். உம்மையின் எட்டுப் பொருளில் ஐயமும் ஒன்று. ‘வந்தாலும் வருவான்’ என்று பள்ளிக்கூடம் காணாத நம் பாட்டி சொல்வது அந்த ஐயவும்மைதான். எவ்வளவு நம்பலாம் என்று அவள் அளந்தே பேசுகிறாள். பட்டம் பெறப்போகும் பேரன்தான் தேர்வுத்தாளில் அளவின்றி எழுதுகிறான்.

ஆகையால் ஆங்கிலப் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோடிட்ட இடத்தை நிரப்புக என்ற பயிற்சியை ஓராண்டு நிறுத்திவைத்துப் பாருங்கள். ‘டாம் மே கம் டுமாரோ’ என்றால் வரப்போகும் அந்த டாம் யார், அவன் வந்தாலென்ன, வராவிட்டாலென்ன? வரலாற்றுத் துறையோடு சேர்ந்து மாணவரைக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு ஒருநாள் அழைத்துச் செல்லுங்கள். கோயில், ஏரி, மாளிகைமேடு, சண்டேசர், இடிந்த மதில் ஆகிய ஐந்தைப் பற்றியும் ஆளுக்கு ஐந்து ஆங்கில வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கீழே ‘இது உனக்கு எப்படித் தெரியும்?’ என்ற கேள்விக்குத் தமிழிலேயே விடை எழுதட்டும். அந்த விடையைப் பார்த்துத் துணைவினையைத் திருத்துங்கள். செயங்கொண்டத்திலிருந்து பேருந்து இருக்கிறது. வெயில் ஏறுமுன் போனால் நண்பகலுக்குள் திரும்பிவிடலாம்.