பழுது அறிதலும் பாகம் மாற்றலும்

சென்னைக்கு வடபாலுள்ள அத்திப்பட்டு வழியே செல்வோர், காமராஜர் துறைமுகத்தை நோக்கி ஓயாது ஊர்ந்து செல்லும் லாரிகளையும், அவற்றினூடே நுழைந்து செல்லும் வாடகைக் கார்களையும் கண்டிருப்பர். அனல்மின் நிலையத்தின் சாம்பலும் கழிமுகத்தின் உப்புக்காற்றும் இவ்வண்டிகளின்மீது இராப்பகலாகப் படிகின்றன. இக்காற்றில் செம்பும் பித்தளையும் களிம்பேறுதல் இயல்பே. அச்சிறு களிம்பு ஓர் எளிய கார்க்காரரின் பல நாள் வருவாயை விழுங்கக்கூடும் என்பதையே ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

இக்காலத்து டீசல் கார்கள் பலவற்றில் எரிபொருளின் உஷ்ணத்தை அறிய ஒரு சென்சார் உண்டு. டீசல் சூடேற ஏற அடர்த்தி குறையும். 40 டிகிரி உஷ்ணம் மிகுந்தால் அதன் கனஅளவு ஏறத்தாழ நூற்றுக்கு 3 பங்கு பெருகும். இவ்வேறுபாட்டைச் சரிக்கட்டுதற்கு வண்டியின் கம்ப்யூட்டர் இச்சென்சாரையே நம்பியிருக்கிறது. அது பொய்யுரைப்பின் சில வண்டிகளில் இழுவை குறையும். சிலவற்றில் எஞ்சின் எளிதிற் கிளம்பாது. சிலவற்றிலோ எச்சரிக்கை விளக்கு எரிவதன்றி வேறொன்றும் நேராது.

விளக்கு எரிந்தபின் பட்டறையில் நிகழ்வது யாது? ஸ்கேனரை மாட்டுகின்றனர், பி 0182 என்றோ பி 0183 என்றோ ஓர் எண் தோன்றுகிறது, "சென்சார் போய்விட்டது, மாற்றவேண்டும்" என்ற தீர்ப்பும் உடனே பிறக்கிறது. சாட்சி விசாரணையற்ற இத்தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை. அவ்வெண் சுட்டுவது மின்சுற்றையேயன்றிப் பாகத்தை அன்று. முன்னது மின்னழுத்தம் அளவுக்கு மீறித் தாழ்ந்ததென்றும், பின்னது அளவுக்கு மீறி உயர்ந்ததென்றும் கூறுமே தவிர, சென்சார், வயர், கப்ளர் ஆகிய மூன்றனுள் குற்றம் எதன்மேலது என்று கூறுவதில்லை.

விசாரணையோ மிக எளிது. இரவெல்லாம் நின்ற வண்டியில் சாவியை மட்டும் திருப்பி ஸ்கேனரை நோக்கின், டீசலின் உஷ்ணமும் ரேடியேட்டர் நீரின் உஷ்ணமும் ஏறக்குறைய ஒத்திருத்தல் வேண்டும். டீசல் மாத்திரம் பூஜ்யத்திற்குக் கீழ் 40 டிகிரி என்று காட்டுமாயின் சுற்று எங்கோ அறுபட்டிருக்கிறது. அத்திப்பட்டில் அத்தகைய குளிர் ஏது? இரண்டு வயர் உள்ள சென்சாராயின் கப்ளரைக் கழற்றி அதன் இரு முனைகளையும் ஒரு கம்பித் துண்டால் இணைக்க, உஷ்ணக் கணக்கு உச்சிக்கு ஏறும். ஏறினால் வயரும் கம்ப்யூட்டரும் நிரபராதிகள். ஏறாவிடில் புதுச் சென்சார் வாங்குவது வீண் செலவு. பின்னர் சென்சாரின் தடையை மல்டிமீட்டரால் அளக்கலாம். பெரும்பான்மையாக வழங்கும் ஒருவகையில் அது 30 டிகிரியில் சுமார் 1,700 ஓம். 80 டிகிரியில் சுமார் 320 ஓம். இவ்வளவும் சரியாயின் கப்ளரின் உள்ளே பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்துத் துடைப்பதே பரிகாரம்.

மெக்கானிக்குகளை மாத்திரம் குறைகூறுதல் நியாயமன்று. வண்டிக்கு வண்டி மாறும் வயர்ப் படமும் தடை அட்டவணையும் அவர்கள் கைக்கு எட்டுவதில்லை. உதிரி பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவொட்டாது தடுத்தமைக்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார்க் கம்பெனிகளுக்கு ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதன்மேல் வழக்குகள் நீண்டன. 2022 டிசம்பரில் மத்திய அரசாங்கம் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் திறந்தது. நன்றே. ஆயினும் நிழலில்லாப் பட்டறையில் கிரீஸ் படிந்த கையுடன் நிற்பவர்க்கு வேண்டுவது தமது மொழியில் ஒரு தாள்.

நமது கலாசாலைப் பௌதிகப் பிரயோகசாலையில் தெர்மிஸ்டரை வெந்நீரில் இட்டு, தடையை அளந்து, வளைகோடு வரைகின்றோம். டீசல் குழாயில் அமர்ந்திருப்பதும் அதுவே. மாணவர் சிலர் சனிக்கிழமைதோறும் அத்திப்பட்டு சென்று, அங்கு மிகுதியாக ஓடும் நாலைந்து வகை வண்டிகளின் அளவுகளைத் தமிழில் எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டிவரலாகாதா? கப்ளரின் கொக்கியை ஒடிக்காமற் கழற்றும் வித்தையை மெக்கானிக்குகள் அவர்களுக்குக் காட்டிக்கொடுப்பர். மல்டிமீட்டர்கள் நமது அலமாரியிலேயே இருக்கின்றன.