பசிபிக் கடலும் ஐப்பசி மழையும்

“இந்த வருஷம் எல் நினோவாம், மழை இருக்காது” என்று யாராவது சொல்லக் கேட்டதும், மானாவாரி நிலத்தை உழாமலே போட்டுவிடும் விவசாயிகள் சின்னாளப்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் உண்டு. இது வேண்டாத பயம் என்பது என் அபிப்பிராயம். செய்தி பொய்யல்ல. ஆனால் அது முக்கியமாகத் தென்மேற்குப் பருவமழையை நம்பியிருக்கும் பகுதிகளுக்கான செய்தி. மேற்கு மலைத் தொடரின் மறைவில் இருக்கும் நமக்குக் கிணறும் கண்மாயும் நிரம்புவது ஐப்பசி, கார்த்திகையில்தான்.

பசிபிக் கடலுக்கும் நம் கிணற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கண்மாயில் ஒரு பக்கமாகக் காற்று அடித்தால் பாசி முழுவதும் எதிர்க்கரையில் போய் ஒதுங்குவதை எல்லோரும் பார்த்திருப்போம். கடலிலும் அதுவே நடக்கிறது. மாதக்கணக்கில் ஒரே திசையில் வீசும் காற்று மேல்நீரைத் தள்ளிக்கொண்டு போகிறது. பூமி சுழல்வதால் அந்த ஓட்டம் வட பாதியில் வலப்புறமாகவும் தென் பாதியில் இடப்புறமாகவும் திரும்புகிறது. துருவங்களின் பக்கம் குளிர்ந்து, உப்பு மிகுந்து, கனத்த நீர் அடியில் இறங்குவதால் ஆழத்திலும் மெதுவான ஓட்டம் உண்டு. நம் வங்கக் கடலோ பருவக்காற்றோடு தானும் திசை மாறுகிறது. கோடைத் தொடக்கத்தில் தமிழகக் கரையோரம் வடக்கு நோக்கி ஓடும் நீர், ஐப்பசிக்குப் பின் தெற்கே இலங்கைப் பக்கம் திரும்பி ஓடும்.

பசிபிக் கடலின் நடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கிலிருந்து மேற்காகக் காற்று வீசுகிறது. அது சூடான மேல்நீரை இந்தோனேசியா பக்கம் குவிப்பதால், அங்கே கடல்மட்டம் தென் அமெரிக்கக் கரையைவிட ஏறக்குறைய அரை மீட்டர் உயர்ந்து நிற்கிறது. பெரு நாட்டுக் கரையில் அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அதில் மீன் வளம் அதிகம். சில ஆண்டுகளில் இந்தக் காற்று தளர்ந்துவிடும். சூடான நீர் கிழக்கே திரும்பிவிடும், பெருவில் மீன் குறையும். கிறிஸ்துமஸை ஒட்டி இதைக் கண்ட அந்நாட்டு மீனவர்கள் குழந்தை இயேசுவை நினைத்து வைத்த பெயரே எல் நினோ. அப்போது மழைமேகம் கூடும் இடமும் சூடான நீரோடு கிழக்கே நகர்வதால் இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை பல ஆண்டுகளில் குன்றுகிறது. இதற்கு எதிரான நிலை லா நினா. இங்கே வானிலைத் துறைக்குத் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர்தான், பருவமழையை முன்கூட்டிக் கணிக்க முயன்றபோது, இந்தப் பெருங்கடல்களின் மீது காற்றழுத்தம் துலாக்கோல்போல ஏறி இறங்குவதை எடுத்துக்காட்டினார்.

வடகிழக்குப் பருவத்தில் கதை மாறுகிறது. எல் நினோ ஆண்டுகளில் வங்கக் கடலின் மேல் கிழக்குக் காற்று வலுத்து, ஈரத்தைத் தமிழகத்தின் பக்கம் தள்ளுவது வழக்கம். 2015-இல் கடுமையான எல் நினோ. நாட்டின் தென்மேற்குப் பருவமழை 14 சதவீதம் குறைந்தது. தமிழகத்திலோ வடகிழக்குப் பருவத்தில் இயல்பைப்போல் ஒன்றரை மடங்கு பெய்து, சென்னையும் கடலூரும் வெள்ளத்தில் மிதந்தன. மறு ஆண்டு எல் நினோ போய்விட்டது, நாட்டுக்கு நல்ல மழை என்று எங்கும் பேச்சு. ஆனால் பசிபிக்கில் லேசான லா நினா. இந்தியப் பெருங்கடலிலும் சுமத்திராப் பக்கம் சூடேறி, மழை அங்கே போயிற்று. 2016 வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என அரசு அறிவித்தது. நல்ல மழை என்ற செய்தியை நம்பிக் கடன் வாங்கி நட்டவன் கதி என்ன?

ஆகவே “இந்தியாவுக்கு மழை எப்படி” என்ற ஒற்றைச் செய்தி நமக்கு உதவாது. எந்தப் பருவம், எந்த மாவட்டம் என்று பிரித்துச் சொல்லாத முன்னறிவிப்பைப் பத்திரிகைகளும் வானொலியும் கொட்டை எழுத்தில் பரப்புவது விவசாயிக்குச் செய்யும் தீங்கு. அதற்காக எல் நினோ வந்தாலே நமக்கு மழை என்று எழுதி வைத்துக்கொள்ளவும் கூடாது. 2021 லா நினா ஆண்டு. இருந்தும் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை ஏறக்குறைய 60 சதவீதம் கூடுதல். கடல் சொல்வது வாய்ப்பை மட்டுமே.

வடகிழக்குப் பருவத்துக்கென வானிலைத் துறை செப்டம்பர் இறுதியை ஒட்டித் தனி முன்னறிவிப்பு வெளியிடுகிறது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் காலநிலை ஆராய்ச்சி மையம் கடல் வெப்பநிலையையும் வாக்கர் கண்ட அழுத்தக் குறியீட்டையும் வைத்து மாவட்டவாரியாகக் கணித்துச் சொல்கிறது. வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் திண்டுக்கல் மாவட்டத்துக்கு என்ன கணிப்பு என்று கேளுங்கள். மழை குறையும் வாய்ப்பு மிகுந்தால், கிணற்றில் இருக்கும் தண்ணீர் எத்தனை சென்ட் சின்ன வெங்காயத்தை எழுபது நாள் காப்பாற்றும் என்று கணக்கிட்டு, அதற்கு மேல் நடாதீர்கள். மீதி நிலத்தில் சோளமோ கொள்ளோ போடலாம். வாய்ப்பு நன்றாக இருந்தால், முதல் மழைக்கு முன்னரே சரிவுக்குக் குறுக்கே உழுது வரப்பைக் கட்டி வையுங்கள். செம்மண்ணில் விழும் பெருமழை மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடிவிடும்.