பலூன் ஊதினால் உதடு அரிக்கிறதா? டாக்டரிடம் சொல்லவேண்டும்!

ரப்பர் மரத்தின் பட்டையைக் கத்தியால் கீறினால் வெள்ளைப் பால் வடிகிறது. குமரி மாவட்டத்துத் தோட்டங்களில், பொழுது விடியும் நேரத்தில் தொழிலாளர்கள் பட்டையைக் கீறி அந்தப் பாலை எடுக்கிறார்கள்.

மரம் எதற்காகப் பாலைச் சுரக்கிறது? டாக்டர்களுக்குக் கையுறை செய்து கொடுக்கவா? குழந்தைகளுக்குப் பலூன் கொடுக்கவா? இல்லை! தன்னைக் காப்பாற்றிக் கொள்வதற்காக!

மரத்துக்குக் கால் கிடையாது. ஆபத்து வந்தால் ஓட முடியாது. பூச்சி கடித்தாலும், பூஞ்சைக் காளான் பற்றினாலும், நின்ற இடத்திலேயே நின்று போராடவேண்டும். காயத்தை அடைக்கப் பால் வருகிறது. அந்தப் பாலோடு மரத்தின் ஆயுதங்களும் வருகின்றன. புரதங்கள்தான் அந்த ஆயுதங்கள்.

அவற்றில் ஒன்றின் பெயர் ஹெவீன். மிகச் சிறிய புரதம். 43 மணிகளைக் கோத்த மாலை போன்றது. பூஞ்சையின் மேற்சுவரில் கைட்டின் என்ற பொருள் இருக்கிறது. ஹெவீன் போய் அதைப் பிடித்துக் கொள்கிறது. பூஞ்சை வளர முடியாமல் தவிக்கிறது. மரம் பிழைத்துக் கொள்கிறது.

மரத்துக்கு நல்லதுதான். ஆனால் மனிதர்களில் சிலருக்கு இதுவே வினையாகிவிடுகிறது!

காவல்காரனின் குழப்பம்

மனித உடலுக்குள்ளும் காவல் உண்டு. நோய்க்கிருமி நுழைந்தால் விரட்டுவது அதன் வேலை. சிலருடைய உடலில் அந்தக் காவல், ஹெவீனை எதிரி என்று தவறாக நினைத்து விடுகிறது. அடுத்த முறை ஹெவீன் வந்தவுடன் ஹிஸ்டமின் முதலிய இரசாயனங்களைக் கொட்டுகிறது.

உடனே தோல் அரிக்கிறது. தடிப்புத் தடிப்பாக வீங்குகிறது. தும்மல் வருகிறது. சிலருக்கு மூச்சுத் திணறுகிறது. இன்னும் சிலருக்கு இரத்த அழுத்தம் திடீரென்று இறங்கி, உயிருக்கே ஆபத்து வந்துவிடுகிறது. அலர்ஜி என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். ஒவ்வாமை என்றும் சொல்லலாம்.

கையுறை சொன்ன பாடம்

1987-ம் ஆண்டில், எய்ட்ஸ் போன்ற நோய்கள் இரத்தத்தின் மூலம் பரவாமல் தடுக்க, ஆஸ்பத்திரி ஊழியர்கள் கையுறை அணியவேண்டும் என்று அமெரிக்க சுகாதாரத் துறை சொன்னது. நல்ல யோசனைதான். கையுறையின் தேவை மளமளவென்று கூடியது. ஆனால் சில ஆண்டுகளுக்குள், நர்சுகளும் டாக்டர்களும் பலர் அரிப்பு, இளைப்பு என்று அவதிப்பட்டார்கள்.

முதுகெலும்புக் குறையோடு பிறந்து, பல ஆபரேஷன்கள் செய்துகொண்ட குழந்தைகளும் இதற்கு ஆளானார்கள். ரப்பர் அடிக்கடி உடம்பில் பட்டதே காரணம்.

கையுறைக்குள் பூசும் பவுடர் நிலைமையை இன்னும் மோசமாக்கியது. ரப்பர் புரதம் பவுடரில் ஒட்டிக்கொள்ளும். கையுறையைக் கழற்றும்போது பவுடர் காற்றில் பறக்கும். கையுறையைத் தொடாதவருடைய மூக்கிலும் அது ஏறிவிடும்!

1991-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் டாக்டர்களை எச்சரித்தது. ரப்பர் பாலில் செய்த மருத்துவப் பொருள்களின் உறையில் அதைக் குறிப்பிடவேண்டும் என்ற விதி 1998-ல் அமலுக்கு வந்தது. பவுடர் போட்ட மருத்துவக் கையுறைகளுக்கு 2017-ல் அங்கே தடையே வந்துவிட்டது. ஜெர்மனி அதற்கு முன்பே பவுடர் போட்ட ரப்பர் கையுறைகளை விலக்கியது. அதன் பிறகு அங்கே ஆஸ்பத்திரி ஊழியர்களிடையே இந்த அலர்ஜி வெகுவாகக் குறைந்தது.

பாடம் என்ன? இந்தத் துன்பம் தலைவிதி அல்ல. மனம் வைத்தால் தடுக்கலாம்!

வாழைப்பழத்துக்கும் உறவு!

இன்னொரு விந்தையும் உண்டு. வாழைக்கும் பூஞ்சை எதிரிதான். அதனால் வாழைப்பழத்திலும் ஹெவீனைப் போன்ற பகுதி கொண்ட காவல் புரதம் இருக்கிறது. வெண்ணெய்ப்பழம் என்ற அவகேடோவிலும் இருக்கிறது. ரப்பர் அலர்ஜி உள்ளவர்களில் 100-க்கு சுமார் 30 முதல் 50 பேருக்கு, வாழைப்பழம், அவகேடோ, கிவி போன்ற ஏதாவது ஒரு பழமும் ஒத்துக்கொள்வதில்லை.

ஒரு குழந்தை, வாழைப்பழம் தின்றால் வாய் அரிக்கிறது என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்கிறது? ‘உடம்புச் சூடு’ என்கிறார் பாட்டி. ‘சாப்பிட அடம் பிடிக்கிறான்’ என்று அதட்டுகிறார் தந்தை. பழம் இயற்கையானது, அது எப்படிக் கெடுதல் செய்யும் என்று கேட்கிறார்கள். இது தவறு! இயற்கை மனிதனுக்காக மட்டும் எதையும் செய்வதில்லை. மரம் தன் உயிரைக் காக்கச் செய்த ஆயுதம், ஒரு சிலரைக் காயப்படுத்தத்தான் செய்யும்.

அதற்காக எல்லோரும் வாழைப்பழத்தை விட்டுவிடுவதா? கூடவே கூடாது! ஒத்துக்கொள்கிறவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். ரப்பரைக் கண்டு ஓடவும் வேண்டாம். பாலை நேராக அச்சில் தோய்த்துச் செய்யும் கையுறை, பலூன் போன்றவற்றில்தான் தொல்லை அதிகம். டயரிலும் செருப்பிலும் அது மிகக் குறைவு. அரிப்பு எல்லாமே அலர்ஜியும் அல்ல. வியர்வையாலும் அரிக்கலாம். சோப்பாலும் அரிக்கலாம். தோல் பரிசோதனை, இரத்தப் பரிசோதனை செய்து டாக்டர்தான் முடிவு சொல்லவேண்டும்.

ஒரே ஒரு கேள்வி

ஆபரேஷனுக்கு முன்னால், ‘சர்க்கரை வியாதி உண்டா? இரத்தக் கொதிப்பு உண்டா?’ என்று கேட்கிறார்கள். அதோடு இன்னும் ஒரு கேள்வி கேட்டால் என்ன? ‘பலூன் ஊதினாலோ, ரப்பர் கையுறை பட்டாலோ அரிப்பு, வீக்கம், இளைப்பு வந்தது உண்டா?’ அவ்வளவுதான்! பெரிய ஆஸ்பத்திரியானாலும் சரி, சிறிய ஆஸ்பத்திரியானாலும் சரி, இதை எல்லோரிடமும் கேட்கவேண்டும். ‘உண்டு’ என்று சொல்கிறவருக்கு, மரப்பால் கலவாத நைட்ரைல் கையுறையைப் பயன்படுத்தலாம்.

டாக்டர் கேட்க மறந்தால், நோயாளியின் வீட்டார் தாமாகவே சொல்லவேண்டும். பல் பிடுங்கப் போனாலும் சொல்லவேண்டும். பிரசவத்துக்குப் போனாலும் சொல்லவேண்டும். ‘இந்தச் சின்ன அரிப்பைப் போய்ச் சொல்வதா?’ என்று கூச்சப்படக் கூடாது. மயக்கத்தில் படுத்திருப்பவர் மூச்சு முட்டுகிறது என்று வாய் திறந்து சொல்ல முடியாது.

உறையில் எழுதுவதையும் மக்களுக்குப் புரியும்படி எழுதவேண்டும். பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சடித்தால், புதிதாக எழுத்துக் கூட்டிப் படிக்கும் தாய்க்கு அதனால் என்ன பயன்? ‘இது ரப்பர் பாலில் செய்தது’ என்று தமிழில் ஒரு வரி போதும்.

கேட்பதற்குச் செலவில்லை. சொல்வதற்கும் செலவில்லை. கேட்காமலும் சொல்லாமலும் இருந்தால், போவது ஓர் உயிராக இருக்கலாம்!