171 என்ற எண்ணும் ஒரு நிறுத்திவைப்பு உத்தரவும்

செஞ்சியில் ‘நானோ’ என்றால் முன்பு டாட்டா கார். இப்போது வயலுக்குத் தெளிக்கிற நானோ யூரியா பாட்டில். தின்கிற பொருளிலும் நானோ உண்டு என்றால் நம் வயதுக்காரர்கள் பலர் நம்ப மாட்டார்கள். ஒரு மீட்டரை நூறு கோடி பங்கு போட்டால் ஒரு பங்குதான் நானோமீட்டர். தலைமுடியின் தடிமனே சுமார் 80,000 நானோமீட்டர் வரும். 100 நானோமீட்டருக்கு உட்பட்ட துகள்களை நானோத் துகள் என்கிறார்கள்.

சூயிங்கம், மிட்டாய் போன்றவை பளிச்சென்று வெளுப்பாக இருக்க டைட்டானியம் டை ஆக்சைடு என்ற பொடியைச் சேர்ப்பதுண்டு. சுவர் பெயின்டுக்கு வெண்மை தருவதும் அதுவே. ஐரோப்பாவில் அதற்கு ஈ171 என்று பெயர். நம் ஊர் பாக்கெட்டில் 171. அதற்கு ருசி கிடையாது, சத்து கிடையாது, பண்டத்தைக் கெடாமல் காப்பதும் கிடையாது. நிறம் ஒன்றுதான். அதன் துகள்களில் ஒரு பகுதி நானோ அளவில் இருக்கும்.

2017-ல் பிரான்சின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான ‘இன்ரா’, இதை எலிகளுக்கு 100 நாள் கொடுத்துப் பார்த்தது. சில எலிகளின் குடலில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் தென்பட்டன. மனிதருக்கும் அப்படியே ஆகும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது என்பதையும் அவர்களே தெரிவித்தார்கள். ஆனாலும் 2019 ஏப்ரலில் உத்தரவு வந்தது. 2020 ஜனவரி 1 முதல் அது சேர்ந்த உணவை அங்கே விற்கக் கூடாது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த உத்தரவை மூலத்திலேயே படித்தேன். அதன் தலைப்பில் இருக்கும் சொல் ‘தடை’ அல்ல, ‘சுஸ்பான்சியோன்’, அதாவது நிறுத்திவைப்பு. அதுவும் ஓராண்டுக்கு மட்டும். பிறகு ஆண்டுதோறும் நீட்டித்தார்கள். காலமெல்லாம் கோப்புகளோடு கிடந்த எனக்கு இதன் பொருள் நன்றாகவே விளங்கியது. விசாரணை முடியவில்லை, சரி. முடியும்வரை யார் காத்திருப்பது? தின்கிறவனா, விற்கிறவனா? விற்கிறவன் காத்திருக்கட்டும் என்று அவர்கள் குறிப்பெழுதினார்கள்.

2021 மே மாதம் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், இது மரபணுவைச் சேதப்படுத்தக்கூடும் என்ற ஐயத்தை விலக்க முடியவில்லை, ஆகவே இது பாதுகாப்பானது என்று இனிக் கருத இயலாது என்றது. 2022 ஆகஸ்டு முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் உணவில் இது கூடாது. மறுதரப்பையும் சொல்ல வேண்டும். கனடா இதை ஏற்கவில்லை. அமெரிக்கா எடையில் 1 சதவீதம் வரை அனுமதிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சார்ந்த நிபுணர் குழுவும் 2023-ல் பெரிய ஆபத்து இல்லை என்றே கருதியது.

எனக்கு நானோ மீது கோபம் இல்லை. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில், செடிகளிலேயே இயற்கையாக உண்டாகும் ஹெக்சனால் என்ற பொருளை நானோ முறையில் பக்குவப்படுத்தி, மாம்பழம் சீக்கிரம் அழுகாமலிருக்க வழி தேடினார்கள். அதில் விவசாயிக்குப் பலன் உண்டு. பலன் இருந்தால் தீர ஆராய்ந்து பயன்படுத்தலாம். வெறும் வெளுப்புக்காகப் பேரப்பிள்ளைகள் ஏன் ஒரு சந்தேகத்தை விழுங்க வேண்டும்?

நம் நாட்டில் சில உணவுகளில் இது இன்னும் அனுமதிக்கப்பட்ட பொருளே. 2020-ல் நானோ உணவுப் பொருள்களை மதிப்பிட மத்திய அரசு வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது, நல்லது. ஆனால் கடையில் நிற்கிற நமக்கு அது எப்படித் தெரியும்? ஐரோப்பாவில் 2014 டிசம்பர் முதல், நானோ வடிவில் சேர்க்கும் பொருளின் பெயருக்குப் பக்கத்திலேயே ‘நானோ’ என்று அச்சிட வேண்டும். இங்கே லேபிளில் ஆங்கிலமோ இந்தியோ இருந்தால் போதும், தமிழ் கட்டாயமில்லை. பொடி எழுத்தில் 171 என்று போட்டால் நம்மில் யாருக்கு என்ன புரியும்?

ஒரு எச்சரிக்கை: மாத்திரைகளின் மேல்பூச்சிலும் இது இருப்பதுண்டு. மருந்துத் தட்டுப்பாடு வந்துவிடக் கூடாதென்று ஐரோப்பாவிலேயே மாத்திரைகளில் விட்டுவைத்திருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

நான் கேட்பது இரண்டே. நிறத்துக்காக மட்டும் சேர்க்கும் இந்தப் பொடியை ஆய்வு முடியும்வரை இங்கும் நிறுத்திவைக்கட்டும். அதுவரை, என்ன சேர்த்திருக்கிறது என்பதைத் தமிழில், கண்ணாடி போட்டால் படிக்கிற அளவு எழுத்தில் போடட்டும். இதற்குப் பெரிய செலவில்லை. ஒரு கையெழுத்து போதும்.