முதுகில் எதைச் சுமந்து இறங்குவது?

மார்கழி, தை மாதங்களில் இலங்கைக்குப் போகும் வெளிநாட்டுத் தமிழர்களில் சிலர் இப்போது கற்பிட்டிக்கும் போகிறார்கள். புத்தளம் மாவட்டத்தில், கடலுக்கும் களப்புக்கும் நடுவே வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் நிலம் அது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அடங்கியிருக்கும். ஆழ்நீரில் இறங்கும் ஆசையுள்ள நண்பர்கள் புறப்படுமுன் என்னிடம் கேட்பது பெரும்பாலும் கேமராவைப் பற்றித்தான். நான் திருப்பிக் கேட்பது வேறொன்று: முதுகில் எதை அணிந்து இறங்கப் போகிறீர்கள்?

இக்கரைக்குச் சுழியோடுதல் புதிதன்று. 1344இல் புத்தளத்தில் கரையிறங்கிய இபின் பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியிடம் முத்துகளைக் கண்டதை எழுதியிருக்கிறார். தெற்கே உள்ள சிலாபத்தின் பெயரே, முத்துக்குளிப்பைக் குறிக்கும் 'சலாபம்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அக்காலச் சுழியோடி கல்லின் பாரத்தால் இறங்கினான். படகிலிருந்தவர் கயிற்றை இழுக்க மேலேறினான். நடுவில் ஓரிடத்தில் அசையாது நிற்க வேண்டிய தேவை அவனுக்கு இல்லை. கூஸ்தோவும் காக்னானும் 1943இல் உருவாக்கிய கருவியால் நீருக்கடியில் நெடுநேரம் மூச்சுவிட முடிந்தபிறகே அந்தத் தேவை எழுந்தது. இன்று கல்லின் வேலையை ஈயக்கட்டி செய்கிறது. கயிற்றின் வேலையைக் காற்றுப்பை செய்கிறது. இரண்டையும் சமன்செய்து நிற்பதே சுழியோடுதலில் பாதி வித்தை.

சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் கோட்டுப்போல அணியும் மிதவைச் சட்டை. காற்று நிரம்பினால் அது விலாவை நெருக்கும். அளவு சரியாக அமைவதும் அரிது. ஈயமெல்லாம் இடுப்பிலும் காற்றெல்லாம் மார்பைச் சுற்றியும் இருந்தால் கால்கள் கீழே தொங்கும். இதற்கு மாற்று, முதுகுத்தகடும் அதன் பின்னே குதிரைலாட வடிவில் அமைந்த காற்றுப்பையும். 'விங்' என்பது அப்பையின் பெயர். ஐந்து சென்டிமீட்டர் அகல நைலான் வார் ஒன்று தோள், இடுப்பு என்று தகட்டைச் சுற்றி ஓடும். கால்களுக்கிடையே வரும் இன்னொரு வார் தகடு மேலேறாமல் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் புளோரிடாவின் நீர்க்குகைகளில் இறங்கியவர்கள் செம்மைப்படுத்திய முறை இது. பயணிக்கு இதுவே ஏற்றது என்பது என் துணிபு.

கணக்கைப் பாருங்கள். நம் கடல்களில் கிடைப்பது பொதுவாகப் பதினொரு லிட்டர் அலுமினியச் சிலிண்டர். அதில் முழுதாக அடைத்த காற்றின் எடை ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. இறங்கும்போது அமிழும் சிலிண்டர், காற்று தீரத் தீர இலேசாகி முடிவில் தானே மிதக்கும். வெந்நீர்க் கடலுக்கு மூன்று மில்லிமீட்டர் உடுப்பே போதும். ஆழத்தில் அது சுருங்கி இழக்கும் மிதப்பும் சிறிதே. ஆகவே பதினொன்று முதல் பதினான்கு கிலோவரை தூக்கும் சிறிய விங் தாராளம். இருபது கிலோ தூக்கும் பையை வாங்குவது, காய்கறி வாங்க லாரியில் போவதற்கு ஒப்பு.

தகடு எஃகா, அலுமினியமா? எஃகுத்தகடு இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். அவ்வளவு ஈயம் மிச்சம் என்று அதை விரும்புவோர் உண்டு. விமானத்தில் போகிறவன் ஈயத்தைச் சுமப்பதில்லை. அது போகுமிடத்தில் கிடைக்கும். ஒரு கிலோ அளவுள்ள அலுமினியத் தகடே பெட்டிக்கு உகந்தது. பெட்டியின் அடியில் தட்டையாகக் கிடக்கும். குளிர்காலத்தில் கற்பிட்டி, கோடையில் திருகோணமலையின் புறாத்தீவு என்று பருவத்துக்கேற்பக் கரை மாறினாலும் அதே கருவி செல்லும். வார் கிழிந்தால் புது நைலான் வார் கோத்துக்கொள்ளலாம்.

குறைகளையும் சொல்லவேண்டும். நீர்மட்டத்தில் மிதக்கும்போது விங் ஆளை முன்னே சாய்க்கப் பார்க்கும். சட்டை நிமிர்த்தி வைக்கும். சிறிய ஃபைபர் படகில் ஏறுமுன் நீரிலேயே கருவியைக் கழற்றிக் கொடுக்க வேண்டிவரும். கொக்கி இல்லாத ஒற்றை வாரிலிருந்து தோளை விடுவிப்பது பழகாதவருக்குக் கடினம். வாரைச் சற்றுத் தளர்வாக வைத்து ஆழமில்லாத நீரில் நாலுமுறை கழற்றிப் பழகுவதே வழி.

இத்தனை நுணுக்கம் எதற்கு என்பீர்கள். கற்பிட்டிக்கு மேற்கே 1992இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பார் ரீஃப் இருக்கிறது. அதன் ஆழங்குறைந்த பவளங்கள் 1998இல் கடல் வெம்மையால் வெளிறிப் பெருமளவு மடிந்தன. மெல்ல மீண்டு வந்தவை 2016இல் மறுபடியும் வெளிறின. வெம்மையைத் தடுக்கத் தனி மனிதனால் ஆவது சொற்பம். தொங்கும் கால் துடுப்பு, கிளை விட்டு வளர்ந்துவரும் பவளத்தை ஒடிக்காமல் காப்பது முழுக்க அவன் கையில் இருக்கிறது.

இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. இதே கரையில் சங்கும் கடலட்டையும் எடுத்துப் பிழைக்கும் சுழியோடிகளில் பலர் முறையான பயிற்சியின்றி, மிதவைக் கருவியும் இன்றிச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஒரே நாளில் பலமுறை இறங்குகிறார்கள். மேலேறும்போது ஐந்து மீட்டரில் மூன்று நிமிடமேனும் நிற்பது உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற உதவும். சிலிண்டர் காலியாகி மேலே இழுப்பதோ அந்த நேரத்தில்தான். பிடித்து நிறுத்த ஏதுமில்லாதவன் மேலே வந்துவிடுகிறான். மூட்டுவலியும் முடக்கமும் அவனைத் தொடர்கின்றன.

தகடு, வார், சிறு பை: நான் பரிந்துரைக்கும் இந்த எளிய கருவி அவர்களுக்கே முதலில் வேண்டியது. சங்குக்கும் கடலட்டைக்கும் உரிமம் வழங்கும் அரசு, அதனுடன் மிதவைக் கருவியையும் அதைக் கையாளும் பயிற்சியையும் சேர்த்து வழங்கவேண்டும். நமக்கு அது பொழுதுபோக்கின் வசதி. அவர்களுக்கு அது நாளையும் நடந்து கடலுக்கு வருவதற்கான கால்கள்.