மருந்து நமக்கு, சோதனை மட்டும் பிறருக்கா?

எச்.ஐ.வி. தடுப்பு மருந்து ஆய்வுக்குத் தன்னார்வலர்கள் தேவை என்றதும் நாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். "ஒழுக்கமாக வாழ்வோருக்கு இது எதற்கு?" என்கிறோம். இக்கேள்வி இறையச்சத்தின் சாயலில் வந்தாலும், பொறுப்பிலிருந்து நழுவும் வழியே ஆகும்.

விபச்சாரம் ஹராம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் கணவனையன்றி வேறெவரையும் அறியாத மனைவிக்கும், அவள் வயிற்றுச் சிசுவுக்கும் இக்கிருமி தொற்றுகிறதே, அவர்கள் செய்த பாவம் என்ன?

1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். 2006இல் அதே நகரின் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் ஒரு தடுப்பூசியின் முதற்கட்ட ஆய்வு தொடங்கியது. நலமுடன் இருந்த 32 பேர் அதற்காகக் கை நீட்டினர். அவ்வூசியில் எச்.ஐ.வி. கிருமி இல்லை, அதன் சில மரபணுக் கூறுகளே இருந்தன. எனவே அதனால் நோய் தொற்ற வழியில்லை. இத்தகைய ஆய்வுக்குச் செல்பவரை நோயாளி என்றும் நடத்தை கெட்டவர் என்றும் ஐயுறுவது, மார்க்கம் தடுத்த தீய எண்ணமன்றி வேறென்ன?

அந்தத் தடுப்பூசி இன்னும் கைகூடவில்லை. ஆனால் ஆண்டுக்கு இருமுறை செலுத்தும் லெனகாபவிர் ஊசி கைகூடியது. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் அதைப் பெற்ற 2,134 இளம்பெண்களில் ஒருவருக்கும் தொற்று ஏற்படவில்லை என 2024இல் அறிந்தோம். பிறர் வீட்டுப் பெண்மக்கள் முன்வந்ததால் விளைந்த நன்மை அது.

"ஏழைகளைச் சோதனை எலிகளாக்குகிறார்களே" என்பீர்கள். அச்சம் நியாயமானதே. ஆனால் கற்றவரும் வசதி படைத்தவரும் ஒதுங்கினால், அச்சுமை ஏழையின் தோளில்தானே விழும்? படித்தவர் முன்னே செல்லட்டும், கேள்வி கேட்கட்டும். எழுத்துப்பூர்வ ஒப்புதல், பாதிப்பு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும், விரும்பும்போது விலகும் உரிமை ஆகியவற்றை 2019ஆம் ஆண்டின் மருத்துவ ஆய்வு விதிகள் உறுதி செய்கின்றன. இவற்றில் ஒன்று குறைந்தாலும் மறுத்துவிடலாம். வற்புறுத்தலுக்கு இங்கே இடமில்லை.

மருத்துவக் கல்வியை ஃபர்ளு கிஃபாயாவில் சேர்த்தார்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). சிலர் செய்தால் அனைவர் கடமையும் நிறைவேறும். எவரும் செய்யாவிடில் அனைவரும் குற்றவாளிகள். அம்மருத்துவம் ஆய்வின்றி வளராது. அல்மாயிதா அத்தியாயத்தின் 32ஆம் வசனத்தை ஜும்ஆ மேடைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! உயிர் காக்கும் அப்பணியில் நம் பங்கு என்ன என்பதை ஒவ்வொரு ஜமாஅத்தும் சிந்திக்கட்டும்.